ஈபி மெசேஜ், சக்ஷு, 1930: பயன்படுத்திப் பார்த்தவரின் குறிப்பு

"இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும்" என்று மாமனாருக்கு ஒரு எஸ்எம்எஸ். மனுஷர் ஒரு வாரம் முன்பே பில் கட்டியாச்சு, ரசீதுகூட காலண்டர் ஆணியில் தொங்குகிறது, ஆனாலும் அரை மணி நேரம் வீட்டில் ஒரே அமளி. எண்ணை பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்தான். ஆனால் அவன் அடுத்ததாக வேறு ஒரு மாமனாரைப் பிடிப்பானே என்று எரிச்சலில் தேடியபோதுதான் சக்ஷு கிடைத்தது.

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 மார்ச்சில் வந்த வசதி இது. மோசடி என்று சந்தேகப்படுகிற அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எதையும் இங்கே தெரிவிக்கலாம். எந்த வழியில் வந்தது, எந்த வகை (கேஒய்சி காலாவதி, மின் இணைப்பு, போலி கஸ்டமர் கேர், வேலை, லாட்டரி என்று பட்டியலே இருக்கிறது), எந்தத் தேதி, எத்தனை மணி என்று கேட்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, நம் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் முடிந்தது, எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சந்தேகத்துக்குரிய எண்ணை மறுசரிபார்ப்புக்கு அனுப்புவார்கள், அதில் தேறாவிட்டால் இணைப்பு போய்விடும். நாம் அனுப்பியது ஒரு துப்பு மட்டுமே, அதற்காக நாளைக்கே ஒருவனைக் கைது செய்து நமக்கு போட்டோ அனுப்புவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆனால் பணம் போய்விட்டது என்றால் சக்ஷு பக்கமே போகாதீர்கள். அங்கேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. அதற்கு 1930 என்ற எண் தனியாக இருக்கிறது. இந்த ஏற்பாடு 2021-இல் 155260 என்ற எண்ணோடு தொடங்கி, பிறகு எண் சுருங்கி 1930 ஆனது. மாநில சைபர் கிரைம் போலீஸ் எடுத்துப் பேசி, பணம் போன வங்கிக்கு உடனே தகவல் அனுப்புவார்கள். பணம் அங்கேயே கிடந்தால் நிறுத்தி வைப்பார்கள், வேறு வங்கிக்குத் தாவியிருந்தால் தகவலும் அதன் பின்னாலேயே ஓடும். ஆகவே திருடன் ஏடிஎம்முக்குப் போவதற்குள் நாம் போன் செய்தோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேசி முடித்ததும் ஓர் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும், அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு புகாரைப் பதிய வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டு, "போன்லதான் சொல்லிட்டேனே" என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

எங்கள் மாடி வீட்டு அக்காவுக்கு 18,000 ரூபாய் போனது, அது ஒரு சனிக்கிழமை. வங்கிக் கிளை (பெயர் வேண்டாம்) "திங்கட்கிழமை நேரில் வாங்கம்மா" என்று சொல்லிவிட்டது, அக்காவும் நம்பிக் காத்திருந்தார். திங்கள் மாலை நான் சொல்லித்தான் 1930-க்குப் பேசினார். ஒன்பதாயிரம் சொச்சம் மட்டும் சிக்கியது, அதையும் கைக்கு வாங்க கோர்ட் உத்தரவு தேவைப்பட்டது. அழைக்கும் முன் வங்கிக் கணக்கு எண், யூடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்), தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அக்கா யூடிஆர் எண்ணைத் தேடவே பத்து நிமிடம் ஆனது.

இதெல்லாம் சும்மா கண்துடைப்பு என்று நானும் நினைத்தவன்தான். டிஜிட்டல் அரெஸ்ட் (போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிப்பது) கும்பல்கள் பயன்படுத்திய 59,000-க்கும் மேற்பட்ட வாட்ஸ்அப் கணக்குகளையும் 1,700-க்கும் மேற்பட்ட ஸ்கைப் கணக்குகளையும் முடக்கியதாக 2024-இல் உள்துறை அமைச்சகம் சொன்னபோது கொஞ்சம் மனம் மாறியது. அதே அமைச்சகத்தின் சைபர்தோஸ்த் பக்கம் எக்ஸில் இருக்கிறது, புது மோசடி வகைகளைப் போடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும்தான், மாமனாருக்கு அனுப்பினால் "எனக்கு இது எதுக்குப்பா" என்பார்.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவையும் சொல்லியாக வேண்டும். சைக்கிள் ஒன்று காணவில்லை என்றதும் சிசிடிவியில் தெரிந்த ஒரு டெலிவரி பையனின் முகத்தை "திருடன்" என்று போட்டு, அது மூன்று தெரு தாண்டிப் போனது. சைக்கிளை எடுத்தது அதே பிளாக்கில் இருக்கிற ஒரு சின்னப் பையன். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த வயதான பெண்ணை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. அப்போதும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்திகள்தான் காரணம். அந்த சிசிடிவி காட்சியை ஸ்டேஷனில் கொடுத்திருந்தால் அதற்குப் பெயர் துப்பு, குழுவில் போட்டதற்கு வேறு பெயர்.

புகார் தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது சந்தேக எண்ணைத் தேடிப் பார்க்கும் வசதி. போன் எண், யூபிஐ ஐடி, மின்னஞ்சல் எதையாவது போட்டால் ஏற்கெனவே யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று காட்டும். பழைய சோஃபா விற்கும்போது "ஆர்மியில் இருக்கிறேன், க்யூஆர் அனுப்புகிறேன்" என்று சிலர் பேசுவார்களே, அந்த மாதிரி ஆட்களைச் சோதிக்க இது சரி. பட்டியலில் இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள், நேற்று வாங்கிய சிம் இன்று எந்தப் பட்டியலிலும் இருக்காது.

என் மதிப்பெண்: 1930-க்கு ஐந்துக்கு நாலு, சக்ஷுவுக்கு மூன்றரை. தமிழில் எச்சரிக்கை வீடியோக்கள் இன்னும் வந்தால் அரை மார்க் கூட்டித் தருகிறேன்.