மெம்டெஸ்ட்86+: அடிக்கடி முடங்கும் கணினிக்கு ஓர் இலவசப் பரிசோதனை

வீட்டு மேசைக் கணினி அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றுபோகிறது என்று சொன்னால், சர்வீஸ் கடைகளில் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை 'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்பதுதான். விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவிய பிறகும் அதே நீலத் திரை திரும்பி வருமானால், கோளாறு வன்பொருளில் இருக்கிறது என்று ஐயப்பட நிறைய இடமுண்டு. அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே, ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) பழுதாகியிருக்கிறதா என்பதைக் காசு செலவின்றி வீட்டிலேயே பார்த்துக்கொள்ள உதவுகிறது மெம்டெஸ்ட்86+ என்ற நிரல்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. கிறிஸ் பிரேடி என்பவர் 1994-இல் எழுதிய மெம்டெஸ்ட்86 என்ற பழைய நிரலின் வழிவந்தவை இன்று இரண்டு இருக்கின்றன. கூட்டல் குறி இல்லாதது பாஸ்மார்க் நிறுவனத்தினுடையது. அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகளோடு (ரேம் முழுவதையும் ஒரு முறை சோதிப்பது ஒரு சுற்று) நின்றுவிடும். கூட்டல் குறி உள்ளது முற்றிலும் இலவசமான, மூலநிரல் திறந்த வெளியீடு. இது 2013-க்குப் பிறகு பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாமல் கிடந்து, 2022-இல் ஆறாம் பதிப்பாகத் திருத்தி எழுதப்பட்டபோதுதான் யூஇஎஃப்ஐ என்ற புதுவகைத் தொடக்க நிரலைக் கொண்ட இன்றைய மதர்போர்டுகளில் ஓடத் தொடங்கியது. ஆகவே யாரிடமோ இருக்கும் பழைய சிடியில் உள்ள பதிப்பை நம்பி உட்கார வேண்டாம்.

விண்டோஸுக்குள்ளேயே நினைவகச் சோதனை ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். விண்டோஸ் சோதனை அரைமணி நேரத்தில் 'கோளாறு ஏதுமில்லை' என்று சான்றிதழ் கொடுத்த அதே ரேமில் மெம்டெஸ்ட்86+ பிழைகளைக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கணினியில் 8 ஜிபி ரேம் இரண்டு இருந்தன. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', இன்னொரு நாள் 'பேஜ் ஃபால்ட்', வேறொரு நாள் 'ஐஆர்க்யூஎல்' என்று நீலத் திரையில் வரும் காரணம் மாறிக்கொண்டே இருந்தது. நன்றாகப் பதிவிறங்கிய ஜிப் கோப்புகூட விரிக்கும்போது சிதைந்திருப்பதாகச் சொன்னது. இப்படிக் காரணம் நிலையில்லாமல் மாறினால் முதலில் ரேமைத்தான் பார்க்க வேண்டும். ஒரே டிரைவரின் (வன்பொருளை விண்டோஸுடன் இணைக்கும் நிரல்) பெயர் மீண்டும் மீண்டும் வந்தால் அந்த டிரைவரைக் கவனிப்பதே முறை.

பயன்படுத்துவது கடினமில்லை என்றாலும் முதல் முறை செய்பவர் இரண்டு இடங்களில் தடுமாறக்கூடும். நிரலைப் பென்டிரைவில் எழுதும்போது அதில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். அடுத்து, கணினி அந்தப் பென்டிரைவிலிருந்து தொடங்க மறுத்தால் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் 11-இல் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், அந்த மாற்றத்துக்குப் பின் அது மீட்புச் சாவியைக் கேட்கலாம் என்பதால், சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இந்த எச்சரிக்கையைத்தான் யாரும் சொல்வதில்லை.

நிரல் தொடங்கியதும் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் தோன்றுகின்றன. எதையும் அழுத்தாவிட்டாலும் சோதனை தானே ஓடத் தொடங்கிவிடுகிறது. பிழை கண்டால் கீழே சிவப்பு வரிகள் விழுகின்றன. ஒவ்வொரு வரியிலும் பிழை நேர்ந்த முகவரியும், எழுதிய மதிப்பும், திரும்பப் படித்தபோது கிடைத்த மதிப்பும் அருகருகே இருக்கும். எங்கள் கணினியில் அந்த இரண்டு மதிப்புகளின் பதினாறு இலக்கங்களில் ஒன்று மட்டும் மாறியிருந்தது. அதுவும் வரிக்கு வரி அதே இடத்தில். சில்லில் ஒரு பிட் செத்துப்போயிருக்கலாம் என்று ஐயப்பட இது வலுவான அடையாளம்.

ஆனால் சிவப்பு வரி வந்துவிட்டது என்பதற்காக உடனே ரேமைக் குப்பையில் போடக் கூடாது. ஸ்லாட்டில் தூசி படிந்திருக்கலாம், புராசஸரில் உள்ள நினைவகக் கட்டுப்பாட்டகமே காரணமாக இருக்கலாம், எக்ஸ்எம்பி என்ற வேகக்கூட்டல் அமைப்பு அந்த மதர்போர்டுக்கு ஒத்துவராமலும் இருக்கலாம். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரு ரேமை மட்டும் வைத்து, அடுத்து அதையே வேறு ஸ்லாட்டுக்கு மாற்றி ஓட்டினால், குற்றவாளி யார் என்பது வெளிப்பட்டுவிடும். எங்கள் வீட்டில் ஒரு ரேம் எந்த ஸ்லாட்டிலும் சுத்தமாக ஓடியது, மற்றது எங்கே வைத்தாலும் சிவந்தது. கழற்றும்போது தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். கடற்கரை ஊர்களில் அது பலன் தருவதும் உண்டு என்றாலும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் போகாமல் பார்க்க வேண்டும் என்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையே நான் விரும்புகிறேன்.

நேரந்தான் இதன் பெருங்குறை. 16 ஜிபி என்றால் ஒரு சுற்றே மணிக்கணக்கில் போகும்; முதல் சுற்று சுருக்கமானது என்பதால் அதில் தேறினால் போதாது, இரவு முழுதும் ஓடவிடுவதே சரி. எங்கள் பக்கத்து மே மாத வெயிலில் பகல் நேரத்தில், ஏசி இல்லாத அறையில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதையும் பரிந்துரைப்பேன். இரவில் தேறிய ரேம் சூட்டில் தடுமாறுவது உண்டு. மின்வெட்டு வந்தால் அதுவரை ஓடியதெல்லாம் வீண் என்பதால் யூபிஎஸ் இருப்பது நலம்.

ரேமுக்கு அப்பால் இந்த நிரல் சொல்லக்கூடியது மிகக் குறைவு. நீலத் திரைகூட வராமல் கணினி சட்டென்று அணைந்து, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று மட்டும் பதிவாகியிருந்தால் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியையும் சூட்டையும் பார்க்க வேண்டும். விளையாட்டின்போது மட்டும் முடங்கினால் கிராபிக்ஸ் கார்டை ஐயப்பட வேண்டும். அந்த இரண்டிலும் மெம்டெஸ்ட்86+ இரவெல்லாம் பிழையின்றி ஓடிக் காட்டிவிடும்.

சோதனை முடிவை இது கோப்பாகச் சேமித்துத் தருவதில்லை என்பது எனக்கு இன்னொரு மனக்குறை. சிவப்பு வரிகள் தெரியும்போதே கைபேசியில் படம் எடுத்து, ரேமின் ஒட்டுவில்லையில் உள்ள வரிசை எண்ணையும் பில்லையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கும் நிலையில், உத்தரவாதத்தில் மாற்றிப் பெறுவதே இலாபம். ஜோடியாக வாங்கியதாக இருந்தால் இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்வார்கள் என்பதால், மாற்று வந்து சேரும் வரை ஓட்ட ஒரு பழைய ரேமை யாரிடமாவது கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அனுப்பவும்.