எஸ்.எம்.சி. வேலையா, லீவ் வேகன்சியா? மதுரைப் பக்கம் தற்காலிக ஆசிரியராகப் போகிறவர்களுக்கு

பி.எட். முடித்து டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்புக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு மதுரை மாவட்டத்தில் கிடைக்கக்கூடிய தற்காலிக வேலை முக்கியமாக இரண்டு வகை. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு, அதாவது எஸ்.எம்.சி. மூலம் போடும் பணி ஒன்று. தனியார் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளின் லீவ் வேகன்சி, அதாவது விடுப்பில் போனவர் அல்லது விலகியவர் இடம், இன்னொன்று. பலரும் சம்பளத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த இடம் ஏன் காலியானது என்பதைத்தான். வேலை எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

அரசுப் பள்ளியில் ஓய்வுபெற்றவர் இடம் என்றால் ஓரளவு நம்பலாம். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுகிறவருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கொடுத்துவிடுவதால், இந்த வகைக் காலியிடம் ஜூனில்தான் தெரியவரும். பதவி உயர்விலோ மாறுதலிலோ போனவர் இடம் அப்படியல்ல. கலந்தாய்வு நடந்து அந்த இடத்தை ஒருவர் எடுத்துவிட்டால், அவர் வந்து கையெழுத்துப் போடும் நாளே உங்களுக்குக் கடைசி நாள். மகப்பேறு விடுப்பு அரசு ஆசிரியைகளுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். ஆனால் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் கழகம்தான் தன் நிதியில் ஆள் வைக்கும். அதில் தரும் தொகை எஸ்.எம்.சி. தொகையைவிடக் குறைவாகவே இருக்கும். கேட்காமல் சேர்ந்துவிட வேண்டாம்.

தனியாரில் மகப்பேறு விடுப்பு சட்டப்படி 26 வாரம். பிரசவத்துக்கு முன்பே சிலர் அதில் 8 வாரம் எடுத்துவிடுவார்கள். ஆகஸ்டில் சேர்ந்தால் பிப்ரவரியோடு முடிந்துவிடும்; பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் வெளியே நிற்க வேண்டியிருக்கும். மருத்துவ விடுப்பு இதைவிட மோசம். பதினைந்து பதினைந்து நாளாக நீட்டிப்பார்கள், அடுத்த வாரம் வேலை உண்டா என்று எச்.எம்.முக்கே தெரியாது. யாராவது திடீரென ராஜினாமா செய்துவிட்டுப் போன இடம்தான் தனியாரில் நல்லது. நிரந்தரமாகவும் வாய்ப்புண்டு. ஏன் போனார் என்பதைப் பள்ளியில் கேட்பதைவிட, அதே பாடத்தை எடுக்கும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கேட்பது நல்லது.

சம்பளத்துக்கு வருவோம். 2022இல் தமிழக அரசு 13,331 இடங்களைத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்றுதான் வைத்தது. இந்த நியமன முறையை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. பிறகு டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள், இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்கள், அருகில் குடியிருப்பவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை என்று வழிமுறை வந்தது. தொகையும் 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது.

தனியாரில் 16,000 தருகிறேன் என்றால் அது கூடுதல் என்று தோன்றும். பாடவேளையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு வாரம் 28 பாடவேளை, மாதம் 112. பதினைந்தாயிரத்தை வகுத்தால் ஒரு பாடவேளைக்கு 134 ரூபாய் வரும். தனியாரில் 34 பாடவேளை கொடுத்து, அதற்கு மேல் வாரம் மூன்று சப்ஸ்டிட்யூஷன், அதாவது லீவ் எடுத்தவரின் பீரியட், போட்டால் மாதம் 148 ஆகிறது. பதினாறாயிரம் அங்கே 108 ரூபாயாக இறங்கிவிடும். காலை வேன் டூட்டியும் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸும் இந்தக் கணக்கில் இல்லை.

சப்ஸ்டிட்யூஷன் நோட்டு என்பது தனி விஷயம். காலை பிரேயர் முடிந்ததும் வரும். யார் லீவோ அவருடைய பீரியட்கள் எல்லாம், அன்று காலியாக இருப்பவர் தலையில் விழும். புதிதாக, அதுவும் தற்காலிகமாக வந்தவர் பெயர்தான் முதலில் எழுதப்படும். நோட்டுத் திருத்த வைத்திருந்த பீரியட் போய்விட்டால் அந்த வேலை வீட்டுக்கு வரும். அதனால் சேரும்போதே, வாரத்துக்கு அதிகபட்சம் எத்தனை சப்ஸ்டிட்யூஷன் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

ஆனால் ஒரு விஷயத்தில் தனியார் முந்துகிறது: சம்பளம் தேதியில் வந்துவிடும். எஸ்.எம்.சி. வேலையில் தொகை குழுவின் வங்கிக் கணக்குக்கு வந்து, பிறகு உங்களுக்கு வர வேண்டும். நிதி ஒதுக்கீடு தாமதமானால் இரண்டு மூன்று மாதம் சேர்ந்து வரும். அந்த இடைவெளியைச் சமாளிக்க வழியில்லாதவர்கள் முதல் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் கிடைக்கிற சம்பளத்தில் ஒரு பகுதி வட்டிக்கே போகும். மே மாதச் சம்பளம் இரண்டு பக்கமும் கிடையாது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

போக்குவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் மதுரையிலிருந்து உசிலம்பட்டி சுமார் 40 கிலோமீட்டர். அதுவரை ரூட் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும், அங்கிருந்து கிராமத்துக்குத்தான் டவுன் பஸ். அதில் ஒரு நடை தவறினால் முதல் பீரியட் போச்சு. உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்னும் அரசுப் பள்ளிகள் நிறைய. அவற்றுக்குத் தனி நிர்வாகம், அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது. முதன்மைக் கல்வி அலுவலகத்தில் மட்டும் விசாரித்துவிட்டு இடமே இல்லை என்று திரும்புகிறவர்கள் அங்கேயும் ஒருமுறை கேட்க வேண்டும்.

எந்தப் பக்கம் சேர்ந்தாலும் முதல் நாள் வேலை ஒன்றுதான்: வகுப்பு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. நடத்தி முடித்த பாடங்களை ஆசிரியர் எழுதிவைக்கும் ஒர்க் டன் நோட்டை மட்டும் நம்பாதீர்கள். முதல் பெஞ்சில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசிப் பெஞ்சில் ஒன்று என மூன்று பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கி, கடைசியாகச் சிவப்பு மையில் திருத்திய தேதியைப் பாருங்கள். ஒர்க் டன் நான்காம் பாடம் முடிந்தது என்று சொல்லும், கடைசிப் பெஞ்சு நோட்டு இரண்டாம் பாடத்தில் நிற்கும். இடையில் இருப்பதுதான் நீங்கள் நடத்த வேண்டிய பகுதி. தொடக்கப் பள்ளியில், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பு என்றால், அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளில் யார் யார் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்துக்கொண்டிருப்போம். அரும்பில் இருக்கும் பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். இந்த இழப்பு அந்தப் பிள்ளைக்குத்தான். தற்காலிகம் என்பது நம் வேலைக்குத்தானே, அந்தப் பிள்ளையின் மூன்றாம் வகுப்புக்கு இல்லையே.

டெட் தேர்ச்சி பெற்று டிஆர்பிக்குப் படிப்பவர், வீட்டுப் பக்கம் இடம் இருந்தால் எஸ்.எம்.சி. வேலையையே எடுக்கலாம். நாலரை மணிக்கு மேல் நேரம் உங்களுடையது. மாதாமாதம் தவறாமல் பணம் வேண்டும் என்பவர்களுக்குத் தனியார்தான் சரி. அங்கே பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் 1,800 ரூபாய் பிடிப்பார்கள். கையில் வருவது குறைந்தாலும், நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குப் பி.எஃப். கணக்கு அசைக்க முடியாத ஆதாரம். அரசுப் பள்ளியில் அந்த ஆதாரம் எஸ்.எம்.சி. தீர்மானத்தின் நகல், சேர்ந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

நடு ஆண்டில் போய்விடக் கூடாது என்று சில தனியார் பள்ளிகள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும். கொடுக்காதீர்கள். டிஆர்பி சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்தால் அசல் கையில் இருந்தாக வேண்டும், பள்ளியோ அன்று தாளாளர் ஊரில் இல்லை என்று சொல்லும். சுயசான்றொப்பமிட்ட நகல் கொடுங்கள். சரிபார்க்கத்தான் என்றால் அசலைக் காட்டிவிட்டு, அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.