வார மாத்திரையா, ஆறு மாத ஊசியா, ஆண்டுக்கு ஒரு டிரிப்ஸா?

குளியலறை வாசலில் கால் வழுக்கி, அம்மா கையை ஊன்றி விழுந்தார்; முறிந்தது மணிக்கட்டு மட்டும்தான். ஆனால் நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறதென்றால், மாவுக்கட்டைப் பிரித்ததோடு விட்டுவிடாமல் எலும்பின் அடர்த்தியையும் பார்த்தாக வேண்டும். டெக்ஸா ஸ்கேனில் அவருடைய டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், மைனஸ் 2.9 என்று வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் அது ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. மூட்டுத் தேய்மானம் வேறு நோய். இரண்டையுமே ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்று சொல்லிப் பழகிவிட்டதால், எலும்புப்புரை உள்ள பலர் மூட்டுவலி மாத்திரையோடு நின்றுவிடுவதைப் பார்த்து எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

கால்சியமும் வைட்டமின் டி-யும் எல்லா மருந்துக்கும் அடித்தளம் என்றாலும், இந்த நிலையில் அவை மட்டும் போதாது. மருத்துவர் எங்கள் முன் வைத்தவை மூன்று: வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஊசி, ஆண்டுக்கு ஒரு முறை இரத்தக்குழாயில் டிரிப்ஸாக ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் 5 மில்லிகிராம்.

பலனை மட்டும் வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கடினம். மருந்தில்லாத குழுவோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், இடுப்பெலும்பு முறிவை அலெண்ட்ரோனேட் ஏறத்தாழ பாதியாகவும், சோலெட்ரானிக் அமிலம் 41 விழுக்காடும், டெனோசுமாப் 40 விழுக்காடும் குறைத்தன. முதுகெலும்பு முறிவில் பின்னிரண்டும் 70 விழுக்காட்டை ஒட்டி நிற்க, மாத்திரை 47 விழுக்காட்டில் நின்றது. ஆனால் இவை ஒரே ஆய்வில் நேருக்கு நேர் மோதிப் பெற்ற எண்கள் அல்ல. ஒவ்வோர் ஆய்விலும் பங்கேற்ற பெண்கள் வேறு வேறு நிலையில் இருந்தவர்கள். ஆகவே நான் பெரிதாகக் கருதுவது வேறொரு கேள்வியை: ஒரு தவணை தவறிப்போனால் என்ன ஆகும்?

மாத்திரை விலையில் மிக மலிவானது, தவறினாலும் பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஒரு வாரம் மறந்துவிட்டால் நினைவுக்கு வந்ததற்கு மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு, பிறகு வழக்கமான கிழமைக்குத் திரும்பிவிடலாம். அதை விழுங்கும் முறைதான் கடினம். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, உணவுக்குழாய் புண்ணாகாமல் இருக்க அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதுவரை காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் கூடாது. இவ்வளவு கவனமாக இருந்தாலும் உடலில் சேர்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காபியோடு விழுங்கினால் அதிலும் பாதிக்கு மேல் வீண். “எழுந்ததும் காபி குடிக்காம அரை மணி நேரம் எப்படிடா உட்கார்றது?” என்று கேட்ட அம்மா முதல் மாதம் ஒழுங்காகத்தான் எடுத்துக்கொண்டார். மூன்றாம் மாத முடிவில் அலமாரியைத் துடைத்தபோது, ஆறு வார மாத்திரைகள் அட்டையிலேயே பிரிக்கப்படாமல் இருந்தன.

டெனோசுமாப் இதற்கு நேர் எதிரானது. போடுவது எளிது, வயிற்றைத் தொடாது, சிறுநீரகம் ஓரளவு பழுதானவர்களுக்கும் பெரும்பாலும் கொடுக்கலாம். ஆனால் டயாலிசிஸ் நிலையில் இருப்பவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் கடும் எச்சரிக்கை விடுத்தது. மற்ற இரண்டும் எலும்பிலேயே படிந்து, நிறுத்திய பிறகும் சில காலம் காக்கும். இந்த ஊசி அப்படிப் படிவதில்லை. தவணை தள்ளிப்போனால், அதுவரை அடங்கியிருந்த எலும்புக் கரைவு முன்னைவிட வேகமாகக் கிளம்பி, ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்கவும் கூடும். ஏழாவது மாதத்தைத் தாண்ட விடக் கூடாது. நிறுத்துவதென்றால் வேறொரு மருந்தைத் தொடங்கியே நிறுத்த வேண்டும். ஊர் விட்டு ஊர் மாறி மகன் வீட்டிலும் மகள் வீட்டிலுமாக இருக்கும் முதியவர்களுக்கு, தேதியைக் கணக்கு வைக்க ஒருவர் பொறுப்பேற்காவிட்டால், இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சோலெட்ரானிக் அமிலம் குறைந்தது 15 நிமிடம் ஏற்றப்படுகிறது. அதன் பின் ஓராண்டுக்கு மறந்துபோக எதுவும் இல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை இரத்தத்தில் பார்த்து, அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரகச் செயல்பாடு நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. வைட்டமின் டி குறைவை முன்பே சரிசெய்திருக்க வேண்டும். முதல் முறை ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்து, பெரும்பாலும் மூன்று நாளில் தணியும், பாராசிட்டமால் போதும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் இறப்பும் 28 விழுக்காடு குறைந்தது.

தாடையெலும்பு அழுகலும் தொடையெலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவும் மூன்று மருந்திலும் அரிதாக நேரலாம். பல் பிடுங்கிய இடத்தில் தாடை அழுகல் தொடங்கக்கூடும் என்பதால், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுவது நல்லது.

நாங்கள் டிரிப்ஸைத் தேர்ந்தெடுத்தோம். முதல் இரவு அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தது, கைகால் எல்லாம் உளைந்தது. மறு ஆண்டு ஏற்றியபோது ஒன்றும் இல்லை; மறுநாள் காலையில் எழுந்தவுடன் காபி கேட்டார்.