ஒட்டுக்கடையில் என்ன பதில் சொல்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடையில்) யாராவது தன்பாலீர்ப்பையும் திருநரையும் பற்றி "இதெல்லாம் நோய்" என்றால், இரண்டு வழிகளில் பதில் சொல்லலாம்.

ஒன்று, அறிவியல். உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 2019இல் திருநர் அடையாளத்தை மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கியது. உறுதியான பதில்தான். ஆனால் மாமாக்கள் மனத்தில் அது தங்குவதில்லை.

மற்றது, ஆளோடு பழக வைப்பது. எங்கள் தோட்ட லயத்து அக்கா ஒருவர் திருநங்கை. கோயில் திருவிழாவென்றால் விடியுமுன்பே பூக்கட்ட உட்கார்ந்துவிடுவார். அவருடைய அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றைப்படை, அதாவது ஆண். வேலை கேட்டுப் போன இடத்தில் அட்டையைப் பார்த்ததும் அனுப்பிவிடுவார்களாம். இதை அவர் வாயாலேயே கேட்ட அம்மா, மறுநாள் காலை பசியாற அவரை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். ஆனாலும் பள்ளியிலோ கிளினிக்கிலோ பேசப் போகும்போது முதலாவதும் கையில் வேண்டும்.