புத்தகம் அசல், கதைக்குத்தான் காசு கூட

பண்டாரவளை டவுனில் ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. பெயரைப் போட விரும்பவில்லை, ஏன் என்பது போகப் போகத் தெரியும். பெட்ரோமெக்ஸ் லைட், தொரைமார் பங்களாவில் இருந்து வந்த பித்தளைக் கைப்பிடி, முள் இல்லாத சுவர்க்கடிகாரம், பழைய தேயிலைத் தராசு என்று கால் வைக்க இடமில்லாத கடை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை உண்டு, கதைக்குத் தக்கபடி விலையும் உண்டு. போன டிசம்பரில் ஒரு ஜேர்மன் இராணுவப் புத்தகத்தை அங்கே வாங்கினேன். அந்தக் கடையைப் பற்றியும், வாங்கியதை ஆராய்ந்து பார்க்க எனக்கு உதவிய சில விஷயங்களைப் பற்றியும் எழுதுகிறேன், இந்தப் பக்கம் பழைய தாள் சேர்க்கிறவர்கள் இரண்டொருவர் இருக்கிறார்கள் என்று தெரியும்.

கடைக்கார நானா மேசை லாச்சியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே மண்ணிறத்தில், உள்ளங்கை அகலத்தில், மூலைகள் மடங்கின ஒரு சின்னப் புத்தகம். "தம்பி, இது தியத்தலாவ கேம்ப்ல அடைச்சி வச்சிருந்த ஜேர்மன்காரன்ட. போகக்குள்ள விட்டுட்டுப் போனது. கேம்ப்ல வேல செஞ்ச ஆள்ட மகன் கொண்டு வந்து தந்தார்" என்றார். விலை 48,000. அரை மணி நேரம் பேசி, ஒரு பிளேன்டியும் குடித்து, 35,000க்கு வாங்கினேன். வீட்டில் விலையைப் பாதியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

இது ஸோல்ட்புக். நேரே தமிழில் சொன்னால் சம்பளப் புத்தகம், அதுவே அடையாள அட்டையும். இதைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் குழம்புவது வேர்பாஸ் என்ற இன்னொரு புத்தகத்தோடு. 1935இல் ஹிட்லர் ஆட்சி கட்டாய இராணுவ சேவையைத் திரும்பக் கொண்டு வந்த பிறகு, வயது வந்த ஆண்களை வரிசையில் நிறுத்தி உடம்பைப் பரிசோதித்துப் பெயர் பதிவார்கள். நம்ம பாஷையில் சொன்னால் பெரட்டு. பெரட்டில் தேறினவனுக்குக் கொடுப்பது வேர்பாஸ். படைக்குள் போனதும் அதை வாங்கி அவனுடைய பிரிவு அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, பதிலுக்கு ஸோல்ட்புக்கைக் கொடுப்பார்கள். அது சட்டைப் பையில், மழையிலும் சேற்றிலும் அவனோடேயே போகும். ஆள் செத்தால் வேர்பாஸ் பொதுவாகக் குடும்பத்துக்குப் போய்விடும். அதனால்தான் சந்தையில் வருகிற வேர்பாஸ்கள் பெரும்பாலும் சுத்தமாகவும், ஸோல்ட்புக்குகள் நைந்து, கறை பிடித்தும் இருக்கின்றன. என்னுடையதில் ஓரம் முழுக்க ஒரு எண்ணெய்க் கறை. எண்ணெய்தானா என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை.

இதைச் சேர்க்கிறவன் என்றாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். முத்திரை ஒவ்வொன்றிலும் கழுகும் ஸ்வஸ்திகாவும் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "கோயில்ல போடுறது மாதிரி இருக்கே" என்றார். இல்லம்மா, இது கோடிக்கணக்கான ஆளைக் கொன்ற கூட்டத்தின் குறி என்று விளக்கினேன், அதற்குப் பிறகு அவர் அதைச் சாமி அறை இருக்கிற பக்கமே கொண்டு வர விடவில்லை. சரியான முடிவு. ஜேர்மனியில் இந்தக் குறியைப் பொது இடத்தில் காட்டக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவில் தடை இருக்கிறது, ஆராய்ச்சி, கல்வி மாதிரியான தேவைகளுக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் அங்கத்தைய வியாபாரிகள் படம் போடும்போது அந்த இடத்தை மறைத்துவிடுகிறார்கள். எனக்குக் குறியில் ஆசை இல்லை. ஒரு ஆளை ஒரு அரசாங்கம் எப்படித் தாளில் எழுதி வைக்கிறது என்பதில்தான் ஆசை.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால், அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் இருந்து. பழைய துண்டு (தோட்டத்தை விட்டுப் போகும்போது கொடுக்கிற கடுதாசி), பிரஜாவுரிமைத் தாள், பாஸ்போட், எதையும் எறிய விடமாட்டார். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்த மலையில் நம்ம தோட்டத்து ஆட்களுக்கு ஒரு தாள் இருக்கிறதா இல்லையா என்பதே நாட்டில் இருக்கலாமா என்பதாகிவிட்டது, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் யார் இலங்கைக்கு, யார் இந்தியாவுக்கு என்று பிரித்தபோது இன்னும் மோசம். அந்தப் பெட்டியின் அடியில் ஒரு தகர டிக்கட்டும் இருந்தது, எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதை எண்ணாக அடித்துக் கழுத்தில் மாட்டிவிடுகிற வில்லை. ஸோல்ட்புக்கின் முதல் பக்கத்தில் 'அடையாள வில்லையில் அடித்திருப்பது' என்று ஒரு வரி வருகிறது. அதைப் பார்த்ததும் கடையில் நின்றபடியே முடிவு பண்ணிவிட்டேன், விலை பேசினதெல்லாம் சும்மா.

இனி ஆராய்ச்சி. முதல் வேலை எழுத்தைப் படிப்பது. அச்சு எழுத்து பழைய கோணல் எழுத்து, அதைக் கூட ஒரு வாரத்தில் பழகிவிடலாம். கையெழுத்துதான் உயிரை வாங்கும். சுட்டர்லின் என்று ஒரு பள்ளிக்கூடக் கையெழுத்து, அதில் e எழுத்து n மாதிரி இருக்கும், n எழுத்து u மாதிரி இருக்கும், u மேலே ஒரு சின்ன வளைவு போட்டிருந்தால் தப்பித்தீர்கள். 1941இல் நாஜி அரசே அதை நிறுத்திவிட்டது, ஆனால் அதற்குள் படித்து முடித்த கிளாக்குமார் பழைய கையிலேயே எழுதித் தள்ளினார்கள். எங்கள் தோட்டத்துப் பழைய செக்ரோலில் (வேலைக்குப் பேர் பதிகிற புத்தகம்) கணக்கப்பிள்ளைமார் எழுதின கையைப் படித்துப் பழகினவனுக்கே இரண்டு மாதம் பிடித்தது.

பக்கங்களுக்கு நிலையான எண் இருப்பது பெரிய உதவி. 4ஆம் பக்கத்தில் எந்தெந்தப் பிரிவில் இருந்தான், 5இல் வீட்டு ஆட்கள், 9இல் தடுப்பூசி, 12இல் ஆஸ்பத்திரி, 22இல் பதக்கம், அதற்குப் பின்னால் லீவு. என்னுடைய ஆள் 1920இல் பிறந்தவன், தொழில் தச்சன். பெயரைச் சொல்லப் போவதில்லை, அவனுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். 12ஆம் பக்கத்தில் நோயின் பெயரை எழுதாமல் எண்ணைத்தான் எழுதுவார்கள், 31 என்று வந்தால் போர்க்காயம். இவனுக்கு 31 இரண்டு தடவை. 1944 பெப்ரவரியில் லீவில் வீட்டுக்குப் போயிருக்கிறான், அந்த ஒரு பதிவில் மட்டும் எழுதின பேனா மை பச்சை. மற்ற எல்லாம் நீலமும் கறுப்பும்.

கடைசிப் பதிவு 1944 ஒக்டோபர். நானாவின் கதை விழுந்தது இங்கேதான்.

தியத்தலாவையில் ஜேர்மன்காரர்களை அடைத்து வைத்தது உண்மை. அதற்கு முன்னால் 1900இல் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் யுத்தக் கைதிகள் ஐயாயிரம் பேரளவில் அங்கே இருந்தார்கள். முதலாம் உலகப் போரிலும் ஜேர்மன்காரர்கள், இரண்டாம் போரிலும் ஜேர்மன்காரர்கள். ஞானதிலோக்க தேரர் ஜேர்மனியில் பிறந்தவர் என்பதால், துறவி என்றும் பார்க்காமல், இரண்டு போரிலும் அவரைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள், இரண்டாம் போரில் பிறகு இந்தியாவில் டேராடூனுக்கு மாற்றினார்கள். ஆனால் 1939இல் இங்கே பிடித்தது எல்லாம் இலங்கையில் இருந்த சிவில் ஆட்கள், வியாபாரக் கப்பல் ஆட்கள் மாதிரியானவர்களை. 1944இல் ஐரோப்பாவில் காயப்பட்டு, லீவு எடுத்து, சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த தரைப்படைக்காரன் அதே நேரம் தியத்தலாவைக் கம்பிவேலிக்குள் இருக்க முடியாது. கதைக்காக நான் கொடுத்த காசு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவில்லை, ஒரு பதினைந்தாயிரம் இருக்கும்.

அப்போ புத்தகமும் போலியா என்ற பயம் வந்தது. போலி ஸோல்ட்புக்குகள் நிறைய உண்டு, வெற்றுப் புத்தகத்தை நிரப்பினதும் உண்டு. இதற்குத்தான் ஒரு புற ஊதா டோர்ச் வாங்கினேன், ஒன்லைனில் 1,900 ரூபாய், இந்த முழுக் கதையிலும் நான் போட்ட காசிலேயே உருப்படியானது அதுதான். போருக்குப் பிந்திய தாள்களில் வெள்ளையாகத் தெரிவதற்கு ஒரு இரசாயனம் சேர்ப்பார்கள், அந்த வெளிச்சத்தில் அது நீலமாக மினுங்கும். இரவு லைட்டை அணைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துப் பார்த்தேன், எல்லாம் மங்கலாகத்தான் கிடந்தது. பக்கத்தில் கிடந்த மின்சார பில் டியூப்லைட் மாதிரி எரிந்தது. அப்புறம் படத்தைப் பிடித்திருக்கிற கம்பியின் துரு, பின்பக்கத்தில் அதே இடத்தில் இறங்கியிருக்கிறது. படத்தில் பாதியும் தாளில் பாதியுமாக விழுந்த முத்திரையின் கோடு விலகாமல் சேர்கிறது. முதல் பக்கத்தில் எழுதிய வில்லை வாசகமும் 4ஆம் பக்கத்தின் முதல் பிரிவும் ஒன்றோடு ஒன்று பொருந்துகின்றன. வில்லை முதலில் சேர்ந்த பிரிவில்தான் கொடுப்பார்கள் என்பதால் இது பொருந்தாவிட்டால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

ஒரே ஒரு இடம் உதைத்தது. 22ஆம் பக்கத்தில் இரண்டு பதக்கப் பதிவு. முதலாவது சரி. இரண்டாவது முதல் வகுப்பு இரும்புச் சிலுவை, அது இருந்தால் விலை நல்லா ஏறும். அந்தப் பதிவின் முத்திரையில் உள்ள ஐந்திலக்கத் தபால் எண், 4ஆம் பக்கத்தில் இருக்கிற எந்தப் பிரிவுக்கும் உரியதில்லை. போர்க்களத்தில் பிரிவின் பெயரை மறைக்க இந்த எண்ணைத்தான் போடுவார்கள், எந்த எண் எந்தப் பிரிவு என்பதற்குப் பட்டியல்கள் இருக்கின்றன, தேடிப் பார்க்கலாம். மை கூட டோர்ச்சில் வேறு மாதிரித் தெரிந்தது. யாரோ, எங்கேயோ, விற்கிறதுக்கு முன்னால் அவனுக்கு ஒரு பதக்கத்தைக் கொடுத்துவிட்டார்கள். நானாவுக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன், தெரிந்திருந்தால் அந்த 48,000 எழுபதாயிரமாக இருந்திருக்கும்.

ஜேர்மன் பக்கம் விசாரிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழி. போரில் செத்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்கிற ஃபோக்ஸ்புண்ட் என்ற சங்கம், 1919இல் தொடங்கினது, ஒன்லைனில் பெயரும் பிறந்த நாளும் போட்டுத் தேடலாம். வீட்டிலிருந்தே ஐந்து நிமிட வேலை, மிக நன்றாக இருக்கிறது. என் ஆளின் பெயர் அதில் கிடைக்கவில்லை, எனக்கு அது ஏனோ சந்தோஷம். மற்றது பெர்லினில் 1939இல் தொடங்கின படையினர் தகவல் அலுவலகம், 2019 ஜனவரியில் இருந்து அது கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் கீழ் இயங்குகிறது. போன வாரம்தான் அங்கே விண்ணப்பம் அனுப்பினேன். 1945 ஏப்ரலில் பொட்ஸ்டாமில் குண்டு விழுந்து தரைப்படைக் காப்பகம் எரிந்துபோனதால், தரைப்படைக்காரர்களைப் பற்றிய கோப்பு நிறைய அழிந்துவிட்டது. அதனால் சட்டைப் பையில் தப்பின இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு மதிப்பு அதிகம்.

நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரு வார்த்தை. நுவரெலியாப் பக்கம் இருக்கிறவர்கள் சாதாரண பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும், நான் ஒரு தபாலட்டையை அப்படித்தான் தின்னக் கொடுத்தேன். அமிலம் இல்லாத காகித உறை, இறுக்கமான டின், உள்ளே சிலிக்கா ஜெல் பைக்கட் இரண்டு. வெயில் அடிக்கிற நாளில் டின்னைத் திறந்து பார்க்கவும், புத்தகத்தை வெயிலில் வைக்க வேண்டாம்.

கடைக்கு ஐந்தில் மூன்று கொடுக்கலாம். சாமான் உண்மையானது, ஆள் நல்லவர், பிளேன்டியில் இஞ்சி போடுகிறார். ஆனால் அவர் சொல்லும் கதையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். போன மாதம் திரும்பப் போனபோது, நானா, இந்தப் புத்தகக்காரன் தியத்தலாவைக்கு வரவே இல்லை என்று தேதியோடு எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "அப்பிடியா தம்பி, நல்ல வேள சொன்னீங்க" என்றார். பிறகு லாச்சியைத் திறந்து ஒரு மரப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஆனா இது நெசமாவே தியத்தலாவ. போயர்காரன் கையால செஞ்சது."