ராஜமலைக்குப் போனால் எங்கே தங்குவது: மூணாறா, ஆனச்சாலா, மறையூரா?

இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு, அதாவது நம் ஆட்கள் ராஜமலை என்று சொல்லும் இடத்துக்கு, குடும்பத்தோடு இரண்டு முறை போய் வந்தோம். முதல் முறை ஆனச்சாலில் தங்கினோம். வரையாடு என்று பார்த்தது, பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்த ஒரு பின்பக்கத்தைத்தான். இரண்டாம் முறை மறையூரில் தங்கினோம். தாயும் குட்டியுமாக நாலைந்து ஆடுகள் எங்களைச் சட்டையே செய்யாமல் நடைபாதை ஓரமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. அதனால் நான் எந்தக் கட்சி என்பதை ஒளிக்கப் போவதில்லை.

மூணாறு டவுனில் தங்குவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் வருபவர்களுக்கு அதுதான் வசதி. சாப்பாட்டுக் கடைகள் பக்கத்திலேயே, தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020இல் டிப்போவிலேயே பழைய பஸ்ஸைப் படுக்கை அறையாக மாற்றி, ஆளுக்கு 100 ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கியது. தனியாகச் சுற்றும் பையன்களுக்கு அது நல்ல ஏற்பாடு. சொந்த வண்டியில் போனால்தான் தொல்லை. டவுன் லாட்ஜுகளில் அறை கிடைத்தாலும் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது.

அடுத்தது ஆனச்சால், சித்திராபுரம், பள்ளிவாசல் பக்கம். புக்கிங் ஆப்பில் "மூணாறு" என்று தேடினால் வரும் அழகழகான ரிசார்ட்டுகளில் ஏகப்பட்டவை இங்கேதான் இருக்கின்றன. நாங்கள் போட்டதும் அப்படித்தான். பெயரில் மூணாறு, முகவரியில் மூணாறு, போய் இறங்கினால் டவுனிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி. அறையில் குறையில்லை. பால்கனியைத் திறந்தால் பள்ளத்தாக்கு, காலையில் பஞ்சு மாதிரி மேகம். அம்மா அதைப் பார்த்தே சமாதானமாகிவிட்டார். பூங்காவைப் பார்க்கும் எண்ணம் இல்லாமல் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும் என்றால் நானே அங்கேதான் போவேன்.

ஆனால் வரையாடு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், பார்க்க வேண்டியது அறையையோ வாடகையையோ அல்ல. மூணாறுக்கு எந்தப் பக்கம் தங்குகிறீர்கள் என்பதைத்தான்.

பூங்காவின் நுழைவிடம் மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலை போகும் சாலையில் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, வனத்துறை பஸ்ஸில் ஏறித்தான் மேலே போக வேண்டும். ஆனச்சாலோ டவுனுக்கு நேர் எதிர்ப்பக்கம், அடிமாலி ரோட்டுப் பக்கம். அங்கிருந்து வர வேண்டுமானால் மூணாறு டவுனை ஊடுருவித்தான் வர வேண்டும். வேறு நல்ல வழி கிடையாது. டிசம்பர் விடுமுறையில் காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பள்ளிவாசல் தாண்டியதும் வண்டிகள் நின்றன. பாலத்தை ஒட்டி ஒருபக்கம் சுற்றுலா பஸ், மறுபக்கம் ஜீப், நடுவில் எங்கள் ஊர் நம்பர் பிளேட்டோடு இன்னும் பத்து கார். டவுனைக் கடந்து, பார்க்கிங் பிடித்து, வரிசையில் நின்று பஸ் ஏறியபோது மணி பன்னிரண்டு. மேலே போனால் எல்லாம் வெள்ளை. ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம். அதன் அடிவாரத்தில் நின்றுகொண்டு அது எங்கே என்று கேட்டோம்.

இதில் இன்னொரு கூத்து. நாங்கள் திருப்பூரிலிருந்து உடுமலை வழியாகத்தான் போனோம். அதாவது முதல் நாளே பூங்கா வாசலைத் தாண்டி, டவுனையும் தாண்டிப் போய்ப் படுத்துவிட்டு, மறுநாள் அதே வழியில் திரும்பி வந்திருக்கிறோம்!

மறையூரிலிருந்து பூங்கா வாசல் முப்பது சொச்சம் கிலோமீட்டர். தூரம் என்று பார்த்தால் அதிகம்தான். ஆனால் டவுன் குறுக்கே வருவதில்லை. சந்தனக் காடு, லக்கம் அருவி, அப்புறம் தேயிலை என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். தங்கிய வீட்டுக்காரர் மட்டும் முந்தின இரவே சொல்லிவைத்தார்: "அண்ணே, விடியறதுக்கு முன்னாடி வண்டியை எடுக்காதீங்க. படையப்பா ரோட்டுல நிப்பான்." படையப்பா என்பது அந்தச் சாலையில் அடிக்கடி நடமாடும் கொம்பன் யானை. நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்பினோம். நுழைவுச் சீட்டை ஆன்லைனில் முன்பே எடுத்திருந்ததால், தொடக்கத்தில் போன பஸ்களிலேயே இடம் கிடைத்தது. பத்து மணிக்கெல்லாம் பார்த்து முடித்து இறங்கிவிட்டோம். எதிரே, மூணாறு பக்கமிருந்து வந்த வண்டிகள் வரிசையில் நின்றன. கொஞ்சம் அற்ப சந்தோஷம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மதியம் முழுக்கக் கையில் இருந்ததால் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குப் போனோம். அகலக் கொப்பரையில் கரும்புச் சாறு குமிழி விட்டுக் கொதிக்கிறது. அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சக்கைதான் விறகு. பாகு இறுகியதும் சூடு ஆறும் முன்பே கையால் உருட்டிப் போடுகிறார்கள். உருண்டையில் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்கி வந்த இரண்டு கிலோ பொங்கல் வரைக்கும் தாங்கவில்லை.

மறையூரில் குறையும் உண்டு. மழை மறைவுப் பகுதி, உயரமும் குறைவு; மூணாறுக் குளிரை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். குளிர் வேண்டுமென்றால் இன்னும் மேலே ஏறிக் காந்தளூரில் தங்கலாம், ஆனால் காலையில் அந்த இறக்கமும் சேர்ந்துகொள்ளும். இரவு ஒன்பதுக்கு மேல் எங்களுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை, பிஸ்கட்தான். மழைக்காலத்தில் நான் இங்கே தங்கியதில்லை, ஆகவே ஜூன், ஜூலை பற்றி என் பேச்சை நம்ப வேண்டாம்.

மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து போடிமெட்டு ஏறி வருபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மறையூர் வரை போய்த் திரும்புவது வீண் அலைச்சல். மூணாறு டவுனிலேயே தங்கி, காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டால் போதும்.

எதற்கும் பிப்ரவரி, மார்ச்சைத் தவிர்த்துவிடுங்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்று பூங்காவையே மூடிவிடுவார்கள். அறை போடும் முன் விடுதிக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நீங்க இருக்கறது மறையூர் ரோடா, அடிமாலி ரோடா?" "மூணாறு பக்கம்தான் சார்" என்று பதில் வந்தால், விடாமல் இன்னொரு முறை கேளுங்கள்.