தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்: நீலகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

கோத்தகிரிப் பகுதியில் அக்கம்பக்கத்தாரின் மின்கட்டண விவரங்களைப் படித்து விளக்குவதும், தேவைப்பட்டால் மனு எழுதிக் கொடுப்பதும் பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு அமைந்த வேலை. அந்தப் பழக்கத்தை வைத்தே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களுக்கு அளிக்கும் சேவையை இங்கே மதிப்பிடுகிறேன். எழுத்தில் உள்ள உரிமைகளுக்கு முழு மதிப்பெண் தரலாம். அவற்றைக் கேட்டுப் பெறும் இடங்கள் பலவும் மலைக்குக் கீழே இருப்பதால் அந்த மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

1999 இல் அமைக்கப்பட்ட இந்த ஆணையம் இன்று 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. மின்கட்டணத்தை அமைச்சரோ மின்வாரியமோ தாமாகவே உயர்த்திவிடுவதாக எங்கள் ஊரில் பலர் இன்னமும் நம்புகிறார்கள். உண்மையில், வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் பகிர்மான நிறுவனம் தன் வரவு செலவுக் கணக்கோடு ஆணையத்திடம் மனுச் செய்து, அதன் சுருக்கத்தை வெளியிட்டு, மக்கள் சொல்லும் ஆட்சேபங்கள் கேட்கப்பட்ட பிறகே, மனு பெறப்பட்ட 120 நாட்களுக்குள் ஆணையம் காரணங்களுடன் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது சட்டம். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைப்பதுகூட ஆணையம் தரும் சலுகையன்று. அது அரசின் மானியம். அத்தொகையை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 65 ஆவது பிரிவு. 2022 செப்டம்பர் 9 ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட கட்டண ஆணையை நான் பக்கம் பக்கமாகப் படித்தேன். சில இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் எந்தச் செலவு ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்று ஒரு சாதாரண நுகர்வோர் உட்கார்ந்து படித்தறிய முடிவதையே இந்த ஆணையத்தின் மிகப் பெரிய பயனாகக் கருதுகிறேன்.

அந்த ஆணைக்கு முந்தைய கருத்துக்கேட்புக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் நடந்தன. எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்பலாம் என்றாலும், நேரில் பேச விரும்பும் நீலகிரிக்காரர் கோவைக்கும் கொடைக்கானல்காரர் மதுரைக்கும் இறங்கித்தான் ஆக வேண்டும். பந்தலூரில் பச்சைத் தேயிலை பறித்து அன்றாடக் கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் வருமானமும் பேருந்துச் செலவும் சேர்ந்து போகும். 1932 இலிருந்தே பைக்காரா நீரால் மின்சாரம் எடுத்து, பின்னர் குந்தா அணைகளுக்கும் இடம் கொடுத்த மாவட்டம் இது. உதகையில் ஓர் அமர்வு கேட்பதற்கு இந்த மலைக்கு எல்லா நியாயமும் உண்டு.

குறைதீர்ப்பு ஏற்பாடுதான் என்னை அதிகம் கவர்ந்த பகுதி. பகிர்மான நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவான மின் பகிர்மான வட்டந்தோறும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. எங்கள் வட்டத்திற்கு அது உதகையில் இருக்கிறது. மன்றத்தின் முடிவில் நிறைவில்லையென்றால், ஆணையம் நியமிக்கும் மின்குறை தீர்ப்பாளரிடம் சென்னைக்கு மேல்முறையீடு செய்யலாம். மனு எழுதும்போது மூன்று விதிகள் திரும்பத் திரும்பக் கைகொடுப்பதைக் கண்டிருக்கிறேன். நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும். தொடர்ந்து பாக்கியாகக் காட்டப்படாத பழைய தொகையை, அது முதன்முதலில் செலுத்த வேண்டியதாகி 2 ஆண்டுகள் கடந்த பின் வசூலிக்க முடியாது. இணைப்புக்காக நுகர்வோர் கட்டியிருக்கும் வைப்புத்தொகைக்கு ஆண்டுதோறும் வட்டி தர வேண்டும். இந்த வட்டியைப் பற்றிக் கேட்டாலே வியப்போடு பார்ப்பவர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள்.

மன்றத்துக்குத் தலைமை வகிப்பவர் பகிர்மான நிறுவனத்தின் மூத்த அதிகாரியே என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நுகர்வோர் சார்பிலும் உறுப்பினர்கள் அமர்கிறார்கள் என்றாலும், யார் மீது முறையீடோ அவருடைய மேலதிகாரியே விசாரிக்கும்போது முறையீட்டாளர் தயங்குவது இயல்பு. மின்குறை தீர்ப்பாளர் நிலையில் அந்தத் தயக்கத்திற்கு இடமில்லை. அவருடைய ஆணைகள் இணையத்தில் வெளியிடப்படுவதால், நம் சிக்கலைப் போன்ற ஒன்று முன்பு எப்படித் தீர்க்கப்பட்டது என்று பார்த்துவிட்டே மனு எழுதலாம்.

மின்தடையைச் சீராக்க ஆணையத்தின் விதிகள் மலைப்பகுதிக்குத் தனியாகக் கூடுதல் கால அவகாசம் தந்திருக்கின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி மரங்களும் கம்பங்களும் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் அந்த அவகாசத்தைக் குறை சொல்லமாட்டார்கள். கொட்டும் மழையில் சரிவில் ஏறி வேலை செய்யும் லைன்மேன்களின் உழைப்பு பெரியது. ஆனால் குறித்த நேரம் கடந்தால் நுகர்வோருக்கு இழப்பீடு உண்டு என்பது எந்த மின் அலுவலகத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மின் நுகர்வோர் புகார் மையமான மின்னகத்துக்குத் தொலைபேசியில் புகார் சொல்பவர்கள் பதிவு எண்ணை மறக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

இதே அளவுகோலைப் போக்குவரத்துக்கு வைத்தால் நிலைமை வேறு. பேருந்துக் கட்டணத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 67 ஆவது பிரிவின்படி மாநில அரசே தீர்மானிக்கிறது. 2018 ஜனவரியில் கட்டணம் ஒரே இரவில் உயர்ந்தது. எதிர்ப்பு எழுந்தபின் ஓரளவு குறைந்தது. மகளிர் கட்டணமில்லாப் பயணம் 2021 இல் சமவெளியில் தொடங்கியிருந்தும், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் 2024 இல்தான் விரிவுபடுத்தப்பட்டது. அது வந்ததற்கு மகிழ்கிறேன். இருந்தாலும் மலைப்பாதைக்குச் சமவெளியைவிட ஏன் கூடுதல் கட்டணம், டீசலுக்கும் தேய்மானத்துக்கும் எவ்வளவு கணக்கிடப்பட்டது என்று கூடலூர்ப் பயணி கேட்டால், மின்கட்டண ஆணையைப் போலக் காரணங்களோடு பதில் தரும் ஆவணமும் இல்லை, ஆட்சேபம் சொல்ல ஒரு பொது அமர்வும் இல்லை. மின்சாரத்துக்கு இருப்பதைப் போன்ற ஓர் ஆணையம் பேருந்துக்கும் வேண்டும்; அதன் முதல் கூட்டத்தை உதகையிலோ கூடலூரிலோ நடத்த வேண்டும்.